வாயசைப்பு வரிசை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்துகொள்வான். அடுப்பில் தண்ணீர் வைப்பான். அது கொதிப்பதற்குள் மாத்திரை டப்பாவைத் திறந்து, காலைக் கட்டத்தில் நான்கு மாத்திரைகள் இருக்கின்றனவா என்று பார்ப்பான். இருக்கும். முந்தின நாள் அவனே போட்டு வைத்தவைதான். இருந்தாலும் பார்ப்பான். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து எடை பார்க்கும் கருவியை இழுத்து, அலமாரி ஓரம் தரை சமமாக இருக்கும் இடத்தில் வைப்பான். மனைவியை எழுப்புவான். மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறவளை எழுப்புவது சுலபம். அவள் பாதித் தூக்கத்தில் ஏறி நிற்பாள். அவன் குனிந்து எண்ணைப் படித்து, அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதுவான்.

“எவ்வளவு?”

“நாப்பத்தெட்டு இருநூறு.”

“கறிக்கடைக்காரன்கூட இவ்வளவு கறாரா நிறுக்க மாட்டான்” என்பாள். மறுபடி போய்ச் சாய்ந்துகொள்வாள்.

அவளுடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. மாற்ற வேண்டும். அதற்குப் பெரிய ஆஸ்பத்திரியில் வரிசை. பெயர் கொடுத்தாயிற்று, முறை வரப் பத்து மாதம் ஆகலாம் என்றார்கள். அதுவரை மாத்திரையில் ஓட்ட வேண்டும். டாக்டர் அவனிடம் ஒன்றே ஒன்றுதான் அழுத்திச் சொன்னார். “ரெண்டு நாள்ல ஒன்றரைக் கிலோ ஏறினா அது சதை இல்ல, தண்ணி. நுரையீரலுக்குப் போகும். அப்ப யோசிக்காதீங்க, தூக்கிட்டு வந்துடுங்க.”

அன்றிலிருந்து அவனுக்கு உலகத்திலேயே பயங்கரமான பொருள் அந்த எடைக் கருவிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவனுக்குப் பேய் வெள்ளை நிறத்தில், சதுரமாக, கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அதற்கு முன் அவன் ஒரு மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தான். கண்ட நேரத்தில் போய்க் கண்ட நேரத்தில் வருகிற பிழைப்பு. அவளைத் தனியாக விட முடியாது என்றானதும் அதை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராகச் சேர்ந்தான். எட்டரைக்குப் போனால் மூன்றரைக்கு வீடு. ஒரு வருடம் தற்காலிகம். ஆண்டு விழாவில் பிள்ளைகள் பாடுவதைக் கேட்டுவிட்டு மேற்கொண்டு முடிவு செய்வதாகத் தலைமை ஆசிரியை சொன்னார். பகலில் அவளுடைய அக்கா இரண்டு தெரு தள்ளியிருந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

பள்ளி திறந்த முதல் வாரம், காலைக் கூட்டம். மைதானத்தில் அறுநூறு பிள்ளைகள். கீபோர்டை வெயிலில் கொண்டுவர முடியாது. பாட்டு வாத்தியார்தான் முதல் சொல்லைப் பாடி, எந்தச் சுருதி என்று காட்ட வேண்டும். அவன் வாயைத் திறக்கும் நேரம் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது.

அக்காவாக இருக்குமோ? எடுக்கவும் முடியாது, விடவும் முடியாது. அந்த நிலையிலேயே பாடினான்.

பயம் தொண்டையை இறுக்கினால் குரல் மேலே போகும். பாடுகிறவனுக்கு அது தெரியாது. அவன் காதும் கூடவே ஏறிப்போய்விடும். முதல் வரியில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது வரி உயரத்துக்குப் போகிற வரி. அங்கே அறுநூறு துருப்பிடித்த கதவுகள் ஒன்றாகத் திறந்தன. பெரிய வகுப்புப் பையன்களின் குரல் உடைந்து நொறுங்கியது. கடைசி வரியை யாரும் பாடவில்லை. சிரித்தார்கள்.

கைபேசியில் வந்திருந்தது ஒரு மின்விசிறிக் கடையின் தள்ளுபடிச் செய்தி.

ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். மேசையில் விரலால் ஒரு படிக்கட்டு வரைந்து காட்டினார்.

“சார், எது வரைக்கும் ஏறுறதா உத்தேசம்? மொட்டை மாடி வரைக்குமா? சொல்லிட்டீங்கன்னா பிள்ளைங்கள அங்கேயே வரச் சொல்லிடலாம்.”

மறுநாளே பிள்ளைகள் மத்தியில் அவனுக்கு ‘ஏணி’ என்று பெயர் விழுந்தது. ஆளும் ஒல்லி, உயரம். பெயர் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது.

தலைமை ஆசிரியை திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. “பாட்டு சுமாரா இருந்தாப் பரவாயில்லைங்க. பிள்ளைங்க சிரிச்சுட்டா அப்புறம் ஒழுங்கு திரும்பி வராது” என்றார். அவ்வளவுதான்.

அவன் பயந்தவன் செய்கிற காரியத்தைச் செய்தான். ஆண்டு விழாவுக்காக எழுபது பேரைத் தேர்ந்தெடுத்தான். சுருதி சேராதவர்கள் என்று பதினொரு பேரைப் பிரித்துக் கடைசி வரிசையில் நிறுத்தினான்.

“நீங்க வாயை மட்டும் அசைச்சாப் போதும். சத்தம் வரக் கூடாது. புரியுதா?”

புரிந்தது. ‘வாயசைப்பு வரிசை’ என்று பிள்ளைகளே பெயர் வைத்துக்கொண்டார்கள். பாட்டு உடனே சுத்தமாகிவிட்டது. ஒரு மாதத்தில் தலைமை ஆசிரியை ஜன்னல் வழியாகக் கேட்டுவிட்டுத் தலையசைத்துப் போனார். அன்று அவன் வீட்டுக்குக் கொஞ்சம் வேகமாக நடந்தான்.

மனைவி தையல்காரி. மிதிக்கிற இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் தைப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தாள். அவன் சொன்னதை எல்லாம் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்தாள்.

“அந்தப் பதினோரு பேருக்கும் என்ன குறை?”

“நான் ஆரம்பிக்கிற இடத்துல அவங்களால சேர முடியல.”

“நீங்க ஆரம்பிக்கிற இடம் சரின்னு யார் சொன்னது?”

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அவள் விடவில்லை.

“ஒரு முதலாளி, பள்ளிக்கூடச் சட்டை நானூறு, எல்லாம் ஒரே அளவுன்னான். தைச்சுக் கொடுத்தேன். பாதிப் பிள்ளைங்களுக்குக் கை மூடிக்கிச்சு, பாதிப் பிள்ளைங்களுக்கு முழங்கை தெரிஞ்சுது. அவன் என்ன சொன்னான் தெரியுமா? பிள்ளைங்க ஒழுங்கா வளரலைன்னான்.” மூச்சு வாங்க நிறுத்தினாள். “அளவெடுக்காம வெட்டிட்டு, பிள்ளை குட்டைன்னு சொல்றீங்க, வாத்தியாரே.”

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்பாள். ஆனால் இவள் பாடவே தெரியாதவள், நேராக மேடையின் கோணலைக் காட்டிவிட்டாள். அவனுக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட, அவள் அந்த இரண்டு வாக்கியத்துக்கு நடுவே எடுத்த மூச்சு பயமாக இருந்தது. எத்தனை தடவை மூச்சு விடுகிறாள் என்று எண்ணத் தொடங்கினான். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“எண்ணாதீங்க. போய் முகம் கழுவுங்க.”

மறுநாள் ஒரு நீளமான நோட்டு வாங்கினான். மதிய இடைவேளையில் ஐந்து ஐந்து பேராகக் கூப்பிட்டான். கீபோர்டு முன் ஒவ்வொருவராக நிற்க வைத்து, கீழே எதுவரை போகிறது, மேலே எதுவரை போகிறது என்று பார்த்துப் பெயருக்கு நேரே இரண்டு பத்தியில் எழுதினான். கூட்டல் கணக்குக்குக்கூட இவ்வளவு நோட்டுப் பிடிக்காது என்றார் கணக்கு வாத்தியார். சொல்லிவிட்டு, அவரே அழகாகக் கோடு போட்டுக் கொடுத்தார்.

வாயசைப்பு வரிசையில் ஒரு பெண் இருந்தாள். எட்டாம் வகுப்பு. குரல் கட்டையாக இருந்ததால் ‘தவளை’ என்று கூப்பிடுவார்கள். கீபோர்டு பக்கம் வரவே மாட்டேன் என்றாள்.

“சார், நான் வாயசைப்பு.”

“தெரியும். பாடு.”

“வேணாம் சார். உங்களுக்குத்தான் கஷ்டம்.”

அவன் ஒரு கட்டையை அழுத்தினான். அவள் பாடினாள், சேரவில்லை. அடுத்து கீழே. சேரவில்லை. இன்னும் கீழே. அவன் யாருக்குமே அழுத்திப் பார்க்காத இடத்துக்கு வந்தபோது, அவள் குரல் அதன் மேல் உட்கார்ந்தது. ஆடவில்லை, நடுங்கவில்லை. கல் தரையில் வைத்த குடம் மாதிரி நின்றது. அவன் இரண்டு தடவை சோதித்தான். இரண்டு தடவையும் அதே இடம்.

“யாரு உனக்குச் சொல்லிக் கொடுத்தது?”

“யாருமில்ல சார். அது அங்கதான் இருக்கு.”

பதினொரு பேரையும் பார்த்து முடித்தான். ஒன்பது பேருக்கு ஒரு குறையும் இல்லை. அவன்தான் பயத்தில் ஏணி போட்டு ஏறி, மேலே வர முடியாதவர்களின் வாயைக் கட்டியிருந்தான். மற்ற இரண்டு பேருக்கும் காது பழக வேண்டும், அவ்வளவே. அன்று மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனான்.

எழுபது பேரையும் குரல் உயரத்துக்கு ஏற்ப மூன்று கூட்டமாகப் பிரித்தான். பாட்டை இரண்டு படி கீழே இறக்கினான். மூன்று வாரம் சந்தைக்கடை மாதிரி இருந்தது. நாலாவது வாரம் ஒரு வரி மட்டும் சேர்ந்து வந்தது. பிள்ளைகள் பாடுவதை நிறுத்திவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரையாண்டு விடுமுறை முடிந்த வாரம், தலைமை ஆசிரியை அவன் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் குறித்தார். அந்த வாரம் முழுக்க எடைத் தாளில் ஒரே எண். நாற்பத்தெட்டு இருநூறு. நாற்பத்தெட்டு இருநூறு. நாற்பத்தெட்டு இருநூறு. அவன் கொஞ்சம் நன்றாகத் தூங்கினான்.

குறித்த நாள் காலை. குனிந்து எண்ணைப் படித்தான். அதே எண். நிமிரும்போது சட்டையில் தொங்கிய பேனா தரையில் விழுந்தது. அதை எடுக்கக் குனிந்து, பக்கவாட்டில் பார்த்தான். அவளுடைய இடது கை அலமாரிக் கைப்பிடியில் இருந்தது. பிடித்திருக்கவில்லை. இரண்டு விரல் மட்டும், ஊன்றியிருந்தது.

“கையை எடு.”

“விழுந்துடுவேன்.”

“எடு.”

எடுத்தாள். ஐம்பது நூறு.

அவளுடைய கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தான். குழி விழுந்தது. நிரம்பவில்லை.

“எத்தனை நாளா?”

“மூணு நாள்தான். இன்னைக்கு உங்க வகுப்பைப் பார்க்க வராங்கன்னு சொன்னீங்களே. முடிஞ்சதும் சொல்லலாம்னு…”

“உனக்குப் பைத்தியமா?”

“கத்தாதீங்க. உங்க சுருதி ஏறுது.”

வாடகை வண்டியில் போகும்போது அவள் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தாள். சாய முடியவில்லை. உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. அவன் கணக்கு வாத்தியாரை மட்டும் கூப்பிட்டு, வர முடியாது என்றான். காரணம் கேட்கவில்லை அவர். “நான் பார்த்துக்கறேன், வெச்சிருங்க” என்றார்.

ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள். மூன்று நாள். அவன் அந்த மூன்று நாளும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான். முதல் நாள் அவள் மூச்சில் சோற்றுப்பானை கொதிப்பதுபோல் ஒரு சத்தம். மூன்றாம் நாள் அது இல்லை. டாக்டர் அவளைவிட இவனைத்தான் அதிகம் திட்டினார். வரிசையில் பெயரை முன்னே தள்ளச் சொல்லி எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, எடைக் கருவியை அறையின் நடுவில் வைத்தான்.

“ரெண்டு கையையும் தலை மேல வை.”

“முட்டி போடணுமா சார்? வீட்டுப்பாடம் எழுதலையா நான்?”

அக்கா வாசலில் நின்று சிரித்துவிட்டாள். அவனால் சிரிக்க முடியவில்லை. எண் சரியாக இருந்தது. இருந்தும் அதை நம்புவது அன்றோடு போய்விட்டது. எண்ணைப் பார்ப்பதற்கு முன் அவள் கழுத்து நரம்பைப் பார்த்தான், கணுக்காலைப் பார்த்தான், பேசவிட்டு எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறாள் என்று கவனித்தான். வகுப்பிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, யார் தோளைத் தூக்கிப் பாடுகிறார்கள், யார் வரிக்கு நடுவே திருட்டு மூச்சு வாங்குகிறார்கள் என்று பார்த்தான். பிள்ளைகள் தப்பாகப் பாடுவதற்கு ஒரு நொடி முன்பே அவனுக்குத் தெரிந்தது.

தலைமை ஆசிரியை வேறொரு நாள் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவன் சட்டைப்பையில் கைபேசி. அது அதிரவில்லை, ஆனால் அதிரப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருந்தது. முதல் சொல்லைப் பாட வாயைத் திறந்தான். தொண்டை இறுகியிருப்பது இந்த முறை அவனுக்கே தெரிந்தது. மூடிக்கொண்டான்.

வகுப்பு காத்திருந்தது. யாரோ ஒருவன் ‘க்கும்’ என்றான்.

அவன் தவளையைப் பார்த்தான். “நீ ஆரம்பி.”

“நானா?”

“நீதான். உன் இடத்துலேர்ந்து.”

அவள் தன் இடத்திலிருந்து ஆரம்பித்தாள். வகுப்பு அவள் குரல் மேல் ஏறி நின்றது. மூன்றாவது வரியில் ஒரு குரலும் உடையவில்லை. தலைமை ஆசிரியை ஏதோ எழுதிக்கொண்டார். போகும்போது, “ஏன் நீங்க பாடல?” என்று கேட்டார்.

“எனக்கு பயம் மேடம். பயத்துல நான் மேல போயிடுவேன். அவ போக மாட்டா.”

அவர் எழுதிய நோட்டை மூடினார். “இதைச் சொல்றதுக்கு இங்க சில பேருக்கு இருபது வருஷம் ஆகியிருக்கு” என்றார். அது யாரைப் பற்றி என்று அவன் கேட்கவில்லை.

பயம் போகவில்லை. பயந்துகொண்டிருக்கும்போது சுருதி கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டான், அவ்வளவுதான். அதன் பிறகு காலைக் கூட்டத்திலும் அவன் முதலில் பாடவில்லை. ஏணி என்ற பெயர் மட்டும் போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நாள் குறித்துக் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை சேர வேண்டும். திங்கட்கிழமை காலை ஆபரேஷன். நடுவில் சனிக்கிழமை ஆண்டு விழா. அவன் விழாவுக்குப் போகப்போவதில்லை என்றான்.

“சனிக்கிழமை என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க” என்றாள். “படுத்துக் கிடப்பேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து மூச்சை எண்ணுவீங்க. அதுக்கு அக்கா போதும், அவளுக்கு எண்ணத் தெரியாது, நான் நிம்மதியா இருப்பேன்.”

“ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா நீங்க என்ன, கீபோர்டு வாசிச்சு எழுப்புவீங்களா? போயிட்டு வாங்க.”

சனிக்கிழமை மாலை நான்கு மணி. மேடைக்குப் பின்னால் எழுபது பிள்ளைகள். கடைசி வரிசையில் சும்மா நிற்கிறவர் எவரும் இல்லை. கைபேசியை அவன் கணக்கு வாத்தியாரிடம் கொடுத்தான். அவர் முதல் வரிசை ஓரம் உட்கார்ந்துகொள்வதாக ஏற்பாடு.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தா கையைத் தூக்கறேன். தூக்கலைன்னா எல்லாம் நல்லாருக்குன்னு அர்த்தம். என்னையே பார்க்காதீங்க, பிள்ளைங்களப் பாருங்க.”

தவளை ஆரம்பித்தாள். இரண்டாவது கூட்டம் சேர்ந்தது. மூன்றாவது சேர்ந்தது. அவன் பிள்ளைகளுக்குக் கை காட்டிக்கொண்டே ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தான். பாட்டின் நடுவில், கணக்கு வாத்தியாரின் கை மேலே போனது.

அவன் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. விரல் மடங்கவில்லை. காதில் பாட்டு விழவில்லை. சோற்றுப்பானை கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று தெரியாது. பிறகு மெல்லப் பாட்டு கேட்டது. பிள்ளைகள் நிறுத்தியிருக்கவில்லை. தவளை அவனைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். உயரமான வரிக்குப் போய், அங்கே ஒரு மூச்சு நின்று, இறங்கி வந்து முடித்தார்கள். அவன் கை அப்போதும் அங்கேயேதான் இருந்தது.

கைதட்டலுக்கு நடுவில் மேடையிலிருந்து குதித்து ஓடினான்.

“என்ன ஆச்சு? யாரு கூப்பிட்டா?”

“யாரும் கூப்பிடல சார்” என்றார் கணக்கு வாத்தியார். முகம் வெளுத்திருந்தது. “தலை அரிச்சுது. சொறிஞ்சுட்டேன். ஐயோ, மன்னிச்சுக்கோங்க, தலை அரிச்சுது சார்.”

தலைமை ஆசிரியை பின்னாலேயே வந்தார். அவர் விஷயம் அறியாதவர். “கடைசியில கையைக் காட்டாமலே விட்டீங்க பாருங்க, அது ரொம்ப நல்லாருந்துது” என்றார். “அடுத்த வருஷ அட்டவணையில உங்க பேரைப் போட்டாச்சு. இனிமே தற்காலிகம் இல்ல.”

அவன் சரி என்றான். நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் அந்தத் தலை சொறிந்த கதையையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சிரித்தால் மூச்சு வாங்கியது. போதும் என்று அக்கா அதட்டினாள். பக்கத்துக் கட்டில்காரி தனக்கும் சொல்லச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு அழைத்துப்போனார்கள். ஐந்து மணி நேரம் ஆகும் என்றார்கள். ஏழு மணி நேரம் கழித்து டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். புது வால்வு பொருந்திவிட்டது என்றார். இதயம் திரும்ப ஓடவில்லை என்றார். மூன்று தடவை முயன்றோம் என்றார். அவன் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அசைந்துகொண்டிருந்தது.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் எல்லாம் அக்கா ஒன்று சொன்னாள். உள்ளே போகும் முன் தங்கை தன் கையைப் பிடித்து, “அவரைப் பார்த்துக்கோ, பாட்டை விட விடாதே” என்று சொன்னாளாம். பள்ளிக்கூடத்து இரங்கல் கூட்டத்திலும் அதையே சொன்னார்கள். பிள்ளைகள் அழுதார்கள். அவன் மறுக்கவில்லை. அக்காவுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் அக்கா அப்போது கீழே மருந்துக் கடை வரிசையில் நின்றாள்.

கூட இருந்தவன் அவன் மட்டும்தான். ஆபரேஷன் அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனவர் அவசரத்தில் இருந்தார். அவருக்கு அன்று இன்னும் நான்கு பேரைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நடைபாதை நீளம். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. அவன் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினான். அவன் கை நடுங்கிக் கம்பியும் நடுங்கியது. அவள் படுத்தபடியே அந்தக் கையைப் பார்த்தாள். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, தள்ளுகிறவரிடம்தான் சொன்னாள்.

“அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க. இவருக்கு பயமா இருக்கு.”